கல் நட்ட மனையில் காலிங் பெல்

இன்னாடா பேராண்டி, மூஞ்சி இப்படி செவந்து கிடக்குது? ஓ, அது உன் மூஞ்சி இல்லியா, கம்ப்யூட்டர் மூஞ்சியா! ரெண்டும் ஒரே கலர்ல இருக்கிறதால கெழவனுக்கு அடையாளம் தெரியல. தள்ளி உக்காரு. உங்க ஆயா மஞ்சப்பையைக் கையில குடுத்து, கூட்டு ரோடு பக்கம் போயி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கியான்னு வெரட்டிவிட்டா. பாதி வழியில ஒரு டீ குடிச்சேன். டீ உள்ள போனதும் உன் ஞாபகம் வந்துச்சு, திரும்பிட்டேன். கொத்தமல்லி எங்க ஓடிடப் போவுது?

இன்னா எழுதியிருக்குது, படி கேப்போம். "நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன்." அடடா! நல்வரவு, நல்வாழ்த்து மாதிரி நல்ரெஃபரன்ஸ். நல்ல சேதிதானடா? அதுக்கு ஏன் ராத்திரி பூரா சோறு தண்ணி இல்லாம குந்திக்கினு இருக்கே? ஓஹோ, இங்கிலீஷ்ல "நல்"னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா. நம்ம ஊர்ல நல்லதுக்கு வெச்ச பேரை வெள்ளைக்காரன் இல்லாததுக்கு வெச்சிருக்கான். போவட்டும்.

மிச்சத்தையும் படி. "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட் டு ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஆன் ஆப்ஜெக்ட்." வக்கீல் நோட்டீஸ் கெட்டுது போ. ஆனா எனக்குப் புரியுது. சிரிக்காதே. நான் எட்டாங் கிளாஸுதான், ஒத்துக்கிறேன். மூணு மாசமா உன் பின்னால இந்தக் கட்டில்ல படுத்துக்கினு தூங்கற மாதிரி நடிச்சு எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருக்கேன். நீ அந்த வீடியோவுல பாடம் எடுக்கற பையனை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவுட்டுக் கேக்கறே. நான் படுத்துக்கினே நிதானமாக் கேக்கறேன். அதான் வித்தியாசம்.

உன் ஆட்டம் இன்னா? மேடவாக்கம் கூட்டு ரோட்ல ஷேர் ஆட்டோ கெளம்பணும். பள்ளிக்கரணை தாண்டி வேளச்சேரி விஜயநகர் போவணும். இல்லாட்டி இந்தப் பக்கம் சந்தோஷபுரம், வேங்கைவாசல், கேம்ப் ரோடுன்னு தாம்பரம் போவணும். வழியில ஆளை ஏத்தணும், எறக்கணும், ஹாரன் அடிக்கணும். ஹாரன் அடிக்கறப்பதான் செவப்பு எழுத்து. நீ எழுதினது "டிரைவர், ஹாரன் அடி". ஆட்டோவுல டிரைவரே இல்ல. காலி சீட்டைப் பாத்து ஹாரன் அடின்னா யாருடா அடிக்கிறது? கம்ப்யூட்டர் திரும்பி உன்னைப் பாத்துக் கேக்குது, "யாருய்யா அது, டிரைவரு?"ன்னு. அவ்ளோதான் விஷயம். இதுக்கு அத்தினி இங்கிலீஷு.

நான் தலையாரியா இருந்தவன். 1980-ல எம்.ஜி.ஆர். கர்ணம், முன்சீப் பதவியெல்லாம் ஒழிச்சு, அப்பால வி.ஏ.ஓ. வந்தாங்க பாரு, அவங்க ரெண்டு காலத்துலயும் நான்தான் நோட்டீஸைத் தூக்கிக்கினு வீடு வீடாப் போனவன். விலாசம்னா இன்னான்னு எனக்கா சொல்லித்தரப் போறே? இந்தச் சுத்துவட்டாரம் பூரா நெல்லு வெளஞ்ச பூமி. அதைக் கூறு போட்டு மனையாக்கினாங்க. ஒவ்வொரு மனைக்கும் நாலு மூலையில கல்லு, ஒரு நம்பரு. காயிதத்துல "மனை எண் 14"ன்னு இருக்கும். நேர்ல போனா கல்லு இருக்கும், கல்லு மேல ஓணான் இருக்கும். வீடு இருக்காது. அந்த மனையில போயி காலிங் பெல் எங்கடான்னு தேடினா எப்படி? அந்த வேலையைத்தான் உன் புரோகிராம் செய்யுது.

கிளாஸுன்னு சொல்றியே, அது வீட்டு பிளான். ஆப்ஜெக்ட்டுங்கறது கட்டி முடிச்ச வீடு. வேரியபிளு வீடு இல்லடா, விலாசம் எழுதிக்கிற துண்டுச் சீட்டு. "டிரைவர்"னு மேல எழுதி ஒரு சீட்டை வெச்சுட்டே. சீட்டு வந்துட்டதால டிரைவர் வந்துட்டான்னு நெனச்சுக்கினே. யாராவது கொத்தனார் வந்து வீட்டைக் கட்டணும், அந்த விலாசத்தை யாராவது சீட்டுல எழுதணும். ரெண்டும் நடக்கணும். நீ ஆட்டம் கட்டற யூனிட்டியில இன்னொரு வம்பு: மோனோபிஹேவியர் வகையறாவுக்கு நீயா "நியூ" போட்டுக் கட்டக் கூடாது, அது திட்டும். காட்சியில இழுத்துப் போடணும், இல்லாட்டி இன்ஸ்டான்ஷியேட், ஆட் காம்போனன்ட்னு அதுங்கிட்டயே கட்டச் சொல்லணும். பஞ்சாயத்து ஆளைக் கேக்காம சுவரு எழுப்பினா வுடுவானா?

அதே மாதிரி, "எனிமி, பத்து"ன்னு வரிசை ஒண்ணு போட்டியே, அன்னிக்கே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பத்து ரவுடி வந்துட்டானுங்கன்னு நீ கை தட்டினே. வந்தது பத்து மனைடா. கல்லு நட்டிருக்குது, ஆளு ஒருத்தனும் குடி வரல.

சரி, இந்த "ஒண்ணுமில்ல"ங்கறதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருன்னு நீயே போன மாசம் படிச்சுக் காட்டினே. டோனி ஹோர். வெள்ளைக்காரரு, ஆனா பொறந்தது நம்ம பக்கத்து வூட்ல, கொழும்புல, 1934-ல. அப்பா அங்க வெள்ளைக்காரன் சர்க்கார்ல உத்தியோகம், அம்மா தேயிலைத் தோட்டக்காரரு மவ. பெரிய மூளைக்காரரு. எண்ணுங்களையெல்லாம் வேகமா வரிசைப்படுத்தற குவிக்சார்ட்டு அவரு கண்டுபிடிச்சதுதானாம், டூரிங் பரிசு 1980-ல வாங்கினாராம். நான் தலைப்பாகையோட நோட்டீஸ் தூக்கின காலத்துல அவரு பரிசு தூக்கியிருக்காரு. அந்த மனுசன் 1965 வாக்குல ஆல்கால் டபிள்யூன்னு ஒரு பாஷைக்கு வேலை செய்யறப்ப, எந்தச் சீட்டும் தப்பான வீட்டுக்குக் கூட்டிக்கினு போவக் கூடாதுன்னு கறாரா சட்டம் எழுதிக்கினு வந்திருக்காரு. எல்லாம் சரியா வந்துச்சு. கடைசியில, "சீட்டு காலியாவும் இருக்கலாம்"னு ஒரு சலுகை. ஏன்? செய்ய சுளுவா இருந்துச்சு, அதான். 2009-ல லண்டன்ல ஒரு மாநாட்டு மேடையில ஏறி, அது நான் செஞ்ச நூறு கோடி டாலர் தப்புன்னு அவரே ஒத்துக்கினாரு.

பாத்தியா, எவ்ளோ பெரிய மனுசன்! நாப்பத்து நாலு வருசம் கழிச்சாவது தப்புன்னு சொன்னாரு. நீ நாப்பத்து நாலு நிமிசமா "கம்ப்யூட்டர்தான் தாத்தா தப்பு"ன்னுக்கினு இருக்கே.

அவரு சொன்னதுக்கப்புறம் வந்த பாஷைங்க உஷாராயிடுச்சு. கோட்லின், ஸ்விஃப்ட்டுங்கற புது மருமவளுங்க, சீட்டு காலியா இருக்கலாமா கூடாதான்னு வாசப்படியிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கும். உன் சி ஷார்ப்புக்கும் 2019-ல அந்தப் புத்தி கொஞ்சம் வந்துச்சாம், நீயா சுவிட்ச்சு போட்டாத்தான் வேலை செய்யுமாம். நீ போட மாட்டே. ஃபேன் சுவிட்ச்சே உங்க அம்மாதான் போடறா.

இன்னொண்ணு. பூஜ்யமும் இந்த நல்லும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதே. பாங்கி புஸ்தகத்துல பாக்கி 0 ரூபான்னு இருந்தா, கணக்கு இருக்குது, பணம் இல்ல. பாங்கியில கணக்கே இல்லாதவன் கவுன்டருக்குப் போயி பாக்கி எவ்ளோன்னு கேட்டா? அதுதான் நல்லு. உன் ஸ்கோரு வெறும் எண்ணு, அதுக்கு ஒண்ணும் குடுக்காட்டி 0-ன்னு நிக்கும், கத்தாது. டிரைவரு அப்படி இல்ல. பழைய கர்ணம் தமிழ் எண்ணுல கணக்கு எழுதறதைப் பாத்திருக்கேன். அதுல பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲-ன்னு தனித்தனியா எழுத்து இருந்துச்சு, பூஜ்யம்னு ஒண்ணு கிடையாது. இல்லாததை அவரு எழுதவே மாட்டாரு. எழுதாத எடத்துல இன்னா இருந்துச்சுன்னு பின்னால வர்றவன் மண்டையை ஒடச்சிக்கணும். அது வேற கதை.

இப்ப உன் கேசுக்கு வருவோம். செவப்பு எழுத்தைப் பாத்ததும் கண்ணை மூடிக்கினியே, கண்ணைத் தொற. அதுக்குக் கீழ ஃபைல் பேரு, 42-வது வரின்னு தெளிவா இருக்குது. ரெண்டு தட்டு தட்டினா அந்த வரிக்கே கொண்டுபோயி வுடுது. எங்க காலத்துல ஒரு நோட்டீஸ் திரும்பி வந்தா ஏன் வந்துச்சுன்னு கேக்க நாலு நாள் நடக்கணும்.

42-வது வரியில இன்னா இருக்குது? டிரைவர் ஹாரன் அடி. அந்த வரியில புள்ளி எங்க இருக்குது பாரு. புள்ளிக்கு இடது பக்கம் இருக்கறவன்தான் காணாமப் போனவன். இங்க ஒரே புள்ளி, நல்ல வேளை. அன்னிக்கு ஒண்ணு எழுதினியே, ஆட்டோ புள்ளி டிரைவர் புள்ளி போன் புள்ளி ரிங்டோன்னு சரம் சரமா, அதுல செத்தது யாருன்னு எந்த டாக்டரும் சொல்ல முடியாது. அதை நாலு வரியா ஒடை. ஒவ்வொண்ணுக்கும் முன்னால டீபக் லாக் போட்டு, இருக்கானா இல்லியான்னு கேளு.

ஆனா ஒண்ணு கவனி. 42-வது வரி தப்பு பண்ணல. அது போயி கதவைத் தட்டின தலையாரி. தப்பு பண்ணினவன் விலாசத்தை எழுதாத எழுத்தரு, அவன் வேற எங்கியோ காத்தாட உக்காந்திருப்பான். நோட்டீஸ் போய்ச் சேரலன்னா மொதல்ல என்னைத்தான் திட்டுவாங்க. நான் ஒண்ணும் பேசாம ஆபீசுக்குப் போயி, "இந்த விலாசத்தை எழுதினது யாருங்க சாமி?"ன்னு பணிவாக் கேப்பேன். அந்தப் பணிவுல பாதி பேரு அங்கியே செத்துப் போவானுங்க.

அதனால நீயும் பின்னால நட. டிரைவர்ங்கற சீட்டை யாரு ரொப்பணும்? "ஸ்டார்ட்லயே ரொப்பிட்டேன் தாத்தா, பாரு, எழுதியிருக்கேன்!" காட்டு. உம்... மூக்குக் கண்ணாடி எங்க... இதோ. "டிரைவர் டிரைவர் சமம் கெட் காம்போனன்ட்." ஏன்டா டிரைவர்னு ரெண்டு தபா எழுதியிருக்கே? மொத டிரைவரு வகைப் பேரா. மேலயும் அதே மாதிரி வகையும் பேரும் எழுதி ஒரு சீட்டு வெச்சிருக்கே. ஸ்டார்ட்டுக்குள்ள மறுபடியும் வகையும் பேரும் எழுதினா, அது புதுசா இன்னொரு சீட்டு. அதே பேருல. அதுல விலாசத்தை அழகா எழுதினே, சட்டைப் பையில வெச்சே, ஸ்டார்ட்டு முடிஞ்சதும் சட்டையோட சேத்து தொவைக்கப் போட்டுட்டே. மேல பதிவேட்டுல இருக்கற சீட்டு வெள்ளைக் காயிதமாவே கிடக்குது. ஹாரன் அடிக்கறவன் பதிவேட்டைத்தான் பாப்பான், உன் சட்டையையா மோந்து பாப்பான்? முன்னாடி இருக்கற ஒரு வார்த்தையை எடு. ஒண்ணே ஒண்ணு. ராத்திரி பூரா முழிச்சது இந்த ஒரு வார்த்தைக்கு.

அதுக்குள்ள ஆடாதே. இங்க பாரு, இந்த மஞ்ச முக்கோணத்தை ஏன் அமுக்கி மறைச்சு வெச்சிருக்கே? தொற. "டிரைவர்ங்கற ஃபீல்டுக்கு யாரும் எதுவும் குடுக்கவே இல்ல, அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும்"னு நேத்து சாயங்காலமே மஞ்ச எழுத்துல சொல்லியிருக்குது. தொந்தரவா இருக்குதுன்னு மூடிட்டே. உங்க ஆயா மெதுவா சொல்றப்ப நானும் இப்படித்தான் மூடிக்குவேன். அப்பால அவ செவப்பா சொல்லுவா.

இந்த இஃப்பு இன்னாடா, பொரி உருண்டை மாதிரி எங்க பாத்தாலும் ஒட்டியிருக்குது? "டிரைவர் இருந்தா மட்டும்", "பயணி இருந்தா மட்டும்", "ஸ்கோர் பலகை இருந்தா மட்டும்"... பதினேழு எடம் எண்ணினேன். செவப்பு வராம இருக்கறதுக்கா? என் கூட ஒருத்தன் இருந்தான், பேரு வேண்டாம், போய்ச் சேந்துட்டான். நோட்டீஸ் எடுத்துக்கினு மரத்தடியில படுப்பான், சாயங்காலம் எழுந்து "வீடு பூட்டியிருந்தது"ன்னு எழுதிக் குடுப்பான். வருசக் கணக்கா அவன் மேல ஒரு புகாரு இல்ல. ஊர்ல ஒருத்தனுக்கும் நோட்டீஸும் போவல. உன் இஃப்பும் அந்த ஜாதி. இஃப்பு போட்ட எடத்துல செவப்பு வராது. ஹாரனும் அடிக்காது, ஸ்கோரும் ஏறாது, ஏன்னும் தெரியாது. கத்தற தப்புக்கு நான் கற்பூரம் கொளுத்துவேன், இந்த ஊமைத் தப்பைத்தான் நம்பக் கூடாது.

எல்லா இஃப்பையும் எடுத்துடாதே, அவசரக் குடுக்கை. யோசிச்சு எடு. ஷேர் ஆட்டோவுல பின் சீட்டுல ஆளு இருக்கலாம், இல்லாமலும் போவலாம். அங்க ஆளு இருக்கானான்னு பாத்துட்டு காசு கேக்கறது நியாயம். டிரைவர் சீட்டு அப்படியா? ஓடற ஆட்டோவுல டிரைவரு இருந்தா ஹாரன் அடிப்பேன்னா, இல்லாட்டி இன்னா பண்றதா உத்தேசம்? அவன் இருந்தே ஆவணும். இல்லாட்டி கெளம்பறப்பவே, அவேக்குலயே, நீயா ஒரு சத்தம் போடு: "டிரைவர் இல்ல, வண்டி எடுக்காதே." பாதி வழியில பள்ளிக்கரணையில நின்னு கத்தறதுக்கு ஸ்டாண்டுலயே கத்தலாம்.

அந்த இன்ஸ்பெக்டர்னு ஒரு பலகை இருக்குதே. இன்ஸ்பெக்டர்னா எனக்கு எப்பவும் ரெவின்யூ இன்ஸ்பெக்டருதான், கேட்டாலே முதுகு நிமிந்துக்கும். படிவத்துல ஒரு கட்டம் காலின்னா அவரு பேனா மூடியைத் தொறக்க மாட்டாரு. உன் இன்ஸ்பெக்டரு ரொம்ப நல்லவரு, "நன்"னு போட்டுக்கினு சும்மா பாத்துக்கினே இருக்காரு. நீதான் ஒவ்வொரு கட்டமாப் பாக்கணும். ஃபைண்டுன்னு பேரைச் சொல்லித் தேடறியே, அதுல ஓர் எழுத்து மாறினாலும் வெறுங்கையோடதான் வரும். அணைச்சு வெச்ச ஆளையும் அது தேடாது, முழிச்சிக்கினு இருக்கறவனை மட்டும்தான் தேடும். அவேக்கு, ஸ்டார்ட்டு விஷயம் இன்னும் மோசம்: உன் சாமானை அவேக்குல எடுத்து வெச்சுக்கோ, அடுத்தவன் வூட்டுச் சாமானை ஸ்டார்ட்டுல போயிக் கேளு. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்திருக்கறப்ப, பக்கத்து வூட்ல அடுப்பு பத்தவெக்கறதுக்குள்ள போயி காப்பி கேட்டா எங்க இருக்கும்?

இதோ, ஓடிடுச்சு பாரு! ஹாரன்கூட அடிக்குது. போதும்டா, காது வலிக்குது. ஆங்... மறுபடியும் செவப்பா? வேற எழுத்தா இருக்குதே. "மிஸ்ஸிங் ரெஃபரன்ஸ்." ஒரு பயணி சந்தோஷபுரத்துல எறங்கினான், அவனை டெஸ்ட்ராய் பண்ணிட்டே, சரிதான். கேமரா இன்னும் அவன் பின்னாலயே போறேன்னுக்கினு நிக்குது.

இது வேற நோய். அது எழுதாத விலாசம். இது எழுதின விலாசம், வீட்டை இடிச்சாச்சு. மேற்கு மாம்பலம் போயிருக்கியா? லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்குது. ஏரி தெரியற தெரு. ஏரி எங்கன்னு கேளு. அந்த நீட்டமான ஏரி இருந்த எடத்தை 1920-கள்ல தூத்துத்தான் தியாகராய நகரு ஆக்கினாங்க. ஏரி போயி நூறு வருசம் ஆவுது, பலகை மட்டும் இன்னும் ஏரியைப் பாத்துக்கினு நிக்குது. உன் கேமராவும் அதே தெருவுல குடியிருக்குது. ஆளை எறக்கி வுட்டதும் சீட்டுலயும் பேரை அடி, இல்லாட்டி கேமராவை ஆட்டோவையே பாக்கச் சொல்லு. இங்க இந்தக் கேள்விக்குறி, புள்ளின்னு குறுக்கு வழி போடாதே. யூனிட்டி இடிஞ்ச வீட்டையும் "இல்லை"ன்னு சொல்றது, ரெண்டு சமக்குறி போட்டுக் கேட்டாத்தான். கேள்விக்குறி அவ்ளோ தூரம் விசாரிக்காது, பலகையைப் பாத்துட்டு உள்ள பூந்துடும்.

இதெல்லாம்கூடப் பரவால்ல. கத்துது, காட்டிக் குடுக்குது. ஒரு தபா என் கையில ஒரு காயிதம். மேடவாக்கம், ஏரிக்கரைன்னு படிச்சுச் சொன்னாங்க. நம்ம ஏரிக்கரையில காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் ஒவ்வொரு வீடா கேட்டேன். அந்தப் பேருல ஒரு ஆளும் இருந்தான், வாங்கிக்கினு கையெழுத்தும் போட்டான். பத்து நாள் கழிச்சுத்தான் தெரியுது, அது மேடவாக்கம் டேங்க் ரோடு. அது கீழ்ப்பாக்கத்துல இருக்குது! நம்ம ஊரு பேரை வெச்சுக்கினு அங்க ஒரு ரோடு. இங்க நம்ம ஆளுக்கு ஏன் நோட்டீஸ் வந்துச்சுன்னு அவன் பத்து நாளாத் தூங்கல. சீட்டு காலியா இருந்திருந்தா அன்னிக்கே திரும்பி வந்திருப்பேன். ரொம்பியிருந்ததாலதான் கெட்டுச்சு. உனக்கும் அப்படி ஒண்ணு வரும், வேளச்சேரி ஆட்டோ ஹாரனை தாம்பரம் ஆட்டோ அடிக்கும். அன்னிக்கு செவப்பு எழுத்து வராதான்னு ஏங்குவே. அப்ப என்னைக் கூப்பிடு. காலியா இருந்தா வர்றேன்.

யாரு, உங்க ஆயா குரலா? கொத்தமல்லி கேக்கறாளா? இரு இரு, ஒண்ணும் பயமில்ல. பையைத் தொறந்து காட்டிட்டு, மார்க்கெட்டுல கொத்தமல்லியே வரலன்னு சொல்லிக்கலாம். பை இருக்குது, உள்ள சாமான் இல்ல, அவ்ளோதான். காலிப் பைக்குத் திட்டு மட்டும்தான் வுழும்.

டேய், பையை இங்கதான கட்டில்ல வெச்சேன்? நாற்காலியில மாட்டினேனா? பாருடா கொஞ்சம். டீக்கடை பெஞ்சியில... நீ அந்த மெசினை மூடாதே, இங்கியே குந்து. நான் பின்பக்கமா ஓடறேன். யாரு கேட்டாலும் தாத்தா இன்னும் திரும்பியே வரலன்னு சொல்லு.